சௌந்தரம்மாளின் களைப்பு

ஜம்புலிங்கத்துக்கு மாரத்தான் ஓடுகிற வயசும் இல்லை, ஓடுகிற உடம்பும் இல்லை. பொன்மலைப் பணிமனையில் ரயில் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்தே பாதி ஆயுசைக் கழித்தவன். மாடிப்படி ஏறினால் முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புலம்பும். அப்படிப்பட்ட ஆள் விடிந்ததும் விடியாததுமாக, அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மைதானத்தில் பெருங்கூட்டத்தோடு நிற்கிறான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். அவன் அம்மா சௌந்தரம். அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிவிட்டது.

பனியன் முதுகில் அம்மாவின் பெயரை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லார் முதுகிலும் அப்படி ஒரு பெயர். எல்லாமே செத்துப்போனவர்களின் பெயர். ஓட்டத்துக்கே நினைவோட்டம் என்றுதான் பெயர். ஓடி முடித்துப் பதக்கத்தைக் கடித்துப் படம் எடுத்துக்கொள்கிற சமாசாரம் இல்லை இது. இதில் ஓடுகிறவர்கள் ஆளுக்கொரு பட்டையை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டையில்தான் சங்கதியே இருந்தது.

"சார், வலிக்குமா?" என்று கேட்டான் பக்கத்தில் நின்ற அந்தோணிராஜ். மேலப்புதூர்க்காரன், முப்பது வயசு இருக்கும். அவன் முதுகில் அவன் அப்பா பெயர். பட்டை கட்டிவிட வந்த டாக்டர் நஸ்ரின் காதில் அது விழுந்துவிட்டது.

"வலிக்காது. களைக்கும்" என்றாள். ஓட்டத்தை நடத்துகிற ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. ராத்திரி தூங்காத முகம். "உங்க அப்பா நோயில கிடந்தப்ப இடுப்புல ஒரு பட்டை கட்டியிருந்தாருல்ல? அவரு நரம்பு மூளைக்கு 'முடியல, முடியல'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அதை அந்தப் பட்டை பதிஞ்சு வச்சிருக்கு. இந்தப் பட்டை அதே 'முடியல'யை உங்க நரம்புக்குச் சொல்லும். உங்க கால் நல்லாத்தான் இருக்கும். ஆனா உங்க அப்பா காலாத்தான் உங்களுக்குத் தோணும்."

"அதுக்கு எதுக்கு மேடம் ஓடணும்? வீட்டுல ஃபேனைப் போட்டுப் படுத்துக்கிட்டே களைச்சுக்கலாமே."

"படுத்திருந்தா உடம்பு 'சரி போ'ன்னு விட்டுடும். ஓடுனாத்தான் மல்லுக்கு நிக்கும். அதே வம்சத்து நல்ல உடம்பு ஒண்ணு அந்தக் களைப்பை எப்படித் தாங்குது, என்ன சுரக்குதுன்னு பாக்கணும். வழியில ரத்தம் எடுப்போம். மருந்துக்கு வழி அதுலதான் இருக்கு."

நோயின் பெயர் உலர்நரம்பு. முதலில் சும்மா களைப்பு வரும். வீட்டில் எல்லாரும் சோம்பேறி என்பார்கள். அப்புறம் கால் போகும், அப்புறம் கை போகும், கடைசியில் மூச்சு போகும். இருக்கிற மருந்து நோயைக் குணப்படுத்தாது, தள்ளிப்போட மட்டும் செய்யும். இதெல்லாம் ஜம்புலிங்கத்துக்கு மனப்பாடம். வீட்டிலேயே பார்த்தவன்.

நஸ்ரின் அவன் பக்கம் திரும்பியதும் அவள் குரலே மாறிவிட்டது. "சார், உங்களைத்தான் இன்னைக்கு எல்லாரும் கவனிப்போம். இத்தனை நோயாளிகள்ல உங்க அம்மா பதிவு மாதிரி ஒண்ணு இல்ல. கால் போச்சு, கை போச்சு. ஆனா கடைசி வருஷப் பதிவுல முதுகுத்தண்டு நரம்பு ஒண்ணுகூடச் சாகல. களைப்பு மட்டும் மலையாட்டம் இருக்கு. ஏதோ ஒண்ணு அந்த நரம்பைக் காப்பாத்தியிருக்கு. அதை நம்பித்தான் புது மருந்தே செஞ்சிருக்கோம். அடுத்த மாசம் பழைய மருந்தை நிறுத்திட்டு இதைக் கொடுக்கப்போறோம்."

"எந்தங்கச்சி பேரும் அந்த மருந்து லிஸ்ட்டுல இருக்கு சார்" என்றான் அந்தோணிராஜ். "அப்பாவுக்கு வந்தது அவளுக்கும் ஆரம்பிச்சிருச்சு. உங்க அம்மாவைத்தான் சார் நம்பியிருக்கோம்." சொல்லிவிட்டு ஜம்புலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். மாதா கோயிலில் பாதிரியார் கையைப் பிடிக்கிற பவ்யம். ஜம்புலிங்கத்துக்குக் கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

அவனுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அம்மா சும்மா சாகவில்லை. அந்தக் கட்டிலில் கிடந்து, வாயில் ஈ உட்கார்ந்தால் ஓட்டக்கூடக் கை இல்லாமல் கிடந்து, வீணாகப் போய்விடவில்லை. அவள் பட்ட பாட்டில் இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை எழுந்து நடக்கும். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து முதல்முதலாக இந்தச் சேதி வந்த அன்றைக்கு அம்மா படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதான். அப்புறம்தான் அவனால் சரியாகச் சாப்பிட முடிந்தது.

பழகிக்கொள்ள என்று ஒரு பட்டையை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் கொஞ்சூண்டு களைப்புதான் இருக்கும், முழுப் பதிவும் ஓட்டத்தன்றைக்குத்தான். அந்தக் கொஞ்சூண்டையே அவன் அக்கா ருக்மணி ஆசைப்பட்டுக் கட்டிப் பார்த்தாள். வாசல் கேட் வரைக்கும் போகவில்லை. சோபாவில் தொப்பென்று விழுந்து, "அம்மா, இவ்வளவு பாரத்தையா சொமந்துக்கிட்டுக் கெடந்தே, ஒரு வார்த்தை சொன்னியா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜம்புலிங்கத்தின் மனைவி இன்பவல்லி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாள். "உனக்கென்னடி தெரியும் அந்த வலி" என்று அவளுக்கும் ஒரு குட்டு விழுந்தது. இன்பவல்லி டம்ளருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

ஓட்டம் தொடங்கியது. கரூர் ரோட்டைப் பிடித்து முக்கொம்பு வரை போய்த் திரும்ப வேண்டும். குடமுருட்டிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் பட்டை சும்மா இருந்தது. காவிரிப் பக்கமிருந்து காற்று வந்தது. அட, இவ்வளவுதானா என்றுகூட நினைத்தான். கம்பரசம்பேட்டை நெருங்கும்போது ஆரம்பித்தது பாருங்கள்.

முதலில் குதிகாலில் வந்தது. ஆணி வைத்த மாதிரி இல்லை, அப்படி இருந்தால் தாங்கிவிடலாம். மந்தமான, விடாத நோவு. அது ஆடுசதைக்கு ஏறி அங்கே கல்லாகக் கட்டிக்கொண்டது. பின்னிடுப்பில், வலது பக்கம், ஓர் இடத்தில் சுளீரென்று இழுத்துவிட்டு அப்புறம் போகவே இல்லை. தோள் இரண்டும் கீழே இறங்கின. கண்ணிமை கனத்தது. காலை வெயிலில், ஓடிக்கொண்டே, அவனுக்குத் தூக்கம் வந்தது. வெறும் தூக்கமா அது? இப்படியே இந்தத் தார் ரோட்டில் கன்னத்தை வைத்துவிட்டால் போதும், லாரி ஏறினாலும் பரவாயில்லை என்கிற தூக்கம்.

'அம்மா' என்று முனகினான். ஓடினான். கட்டைவிரலால் அந்த இடுப்பு இழுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓடினான். அழுத்தினால் கொஞ்சம் தேவலை.

முத்தரசநல்லூர் வாழைத்தோப்பு ஓரமாகப் போகும்போது இன்னொன்று கவனித்தான். களைப்பு ஒரே சீராக இல்லை. திடீரென்று கொஞ்சம் இறங்கும், கால் லேசாகும், யாரோ உட்கார்ந்த மாதிரி. உடனே தூக்கிவாரிப் போடும். உடம்பு முழுக்க விறைத்து எழுந்து நிற்கும். மறுபடியும் குதிகால், மறுபடியும் ஆடுசதை. மறுபடியும் இறங்கும், மறுபடியும் தூக்கிவாரிப் போடும். ஒரு தடவைகூட முழுசாக இறங்க விடவில்லை.

காதில் மாட்டியிருந்த கருவியில் டாக்டரைக் கூப்பிட்டான்.

"மேடம், இது எந்த வருஷத்துப் பதிவு?"

"கடைசி வருஷம் சார். ஒரு வருஷத்தைச் சுருக்கி ஒரு காலைப்பொழுதுக்குள்ள வச்சிருக்கோம். ஏன், முடியலையா?"

"அதில்ல. இது நின்னு நின்னே கால் கடுத்த வலி மாதிரி இருக்கு. எங்க அம்மா அந்த வருஷம் கால் தரையில படல மேடம். படுத்த படுக்கை."

"நரம்புக்கு ஞாபகம் உண்டு சார். நடந்த காலத்தை நெனச்சு அது தானா வலிக்கும். அதனாலதான் உங்க அம்மா பதிவு அபூர்வம்னு சொல்றோம். விடாம ஓடுங்க."

படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஓடினான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நடந்த காலத்திலேயே அம்மா இப்படித் தூக்கிவாரிப் போட்டு எழுந்தவள் இல்லை. அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தண்ணீர் வேண்டுமென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுப்பாள், தண்ணீர் வந்துவிடும். யார் கொண்டுவருவார்கள் என்று அவன் அதற்கு மேல் யோசித்ததில்லை. இப்போது யோசித்தான்.

ஜீயபுரத்தில் தண்ணீர்ப் பந்தல். ஓடுகிறவர்களின் வீட்டு ஆட்கள் அங்கே வந்து நிற்கலாம். ருக்மணி அக்கா முடிகிற இடத்தில் அம்மா படத்தோடும் மாலையோடும் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள், அங்கேதான் டிவிக்காரர்கள் வருவார்கள். இன்பவல்லி இங்கே வந்திருந்தாள். கையில் மோர்த் தூக்கு.

அவள் அவனைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் அவளைப் பார்த்துவிட்டான். புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்திலேயே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, உட்காரவில்லை. ஒரு காலில் நின்று, மற்றொரு காலின் விரல்களால் ஆடுசதையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கை பின்னிடுப்பில் இருந்தது. கட்டைவிரல் ஓர் இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

ஜம்புலிங்கம் தன் கையைப் பார்த்தான். அவன் கட்டைவிரலும் அதே இடத்தில்தான் இருந்தது.

அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

"ஏங்க, என்ன ஆச்சு? மயக்கமா வருதா?" இன்பவல்லி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மோரு கொண்டாந்திருக்கேன், உப்பு தூக்கலாப் போட்டிருக்கேன். மொதல்ல இதைக் குடிங்க."

"வல்லி, அம்மா அந்தப் பட்டையைக் கட்டியிருந்தாங்களா?"

தூக்கின் மூடியைத் திறந்த கை அப்படியே நின்றது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? குடிங்க."

"கட்டியிருந்தாங்களா, இல்லையா?"

அவள் மோரை டம்ளரில் ஊற்றினாள். பாதி கீழே சிந்தியது. நிமிராமலே பேசினாள்.

"கொஞ்ச நாள் கட்டுனாங்க. அப்புறம் அரிக்குது, குத்துதுன்னு அவுக்கச் சொல்லிட்டாங்க. பட்டையில பச்சை லைட்டு எரியலன்னா ஆஸ்பத்திரியில இருந்து போன் மேல போன். இப்படியே விட்டா ஆராய்ச்சியில இருந்து பேரை எடுத்துருவோம்னாங்க. பேரை எடுத்தா அவங்க குடுத்த காத்து மெத்தையையும் தூக்கிட்டுப் போயிருவாங்க. அது இல்லாட்டி அத்தைக்கு முதுகெல்லாம் புண்ணா வந்துருமே. அத்தைதான் சொன்னாங்க, 'அடியே, நீ கட்டிக்கடி, அதுக்கென்ன கண்ணா தெரியுது, லைட்டு எரிஞ்சாப் போதும்'னு. நானும் ஏதோ காய்ச்சல் பாக்குற மாதிரி ஒண்ணுன்னு நெனச்சுக் கட்டிக்கிட்டேன்."

"வருஷம் பூராவுமா?"

"அவங்க போற வரைக்கும்."

வருகைப் பதிவேட்டில் வராதவனுக்காகப் பக்கத்து சீட்டுக்காரன் கையெழுத்துப் போடுகிறானே, அந்த மாதிரி. பணிமனையில் ஜம்புலிங்கமே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறான். பச்சை லைட்டு எரிந்தால் போதும் என்று அவனிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். யாரைத் திட்டுவது?

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே வல்லி."

"எப்பச் சொல்லச் சொல்றீங்க?" அவள் குரல் உடைந்தது. "அக்கா பட்டையைக் கட்டிக்கிட்டு அழுதாங்களே, அப்பவா? நீங்க அத்தை படத்துக்கு முன்னாடி நின்னு 'நீ சும்மா போகலம்மா'ன்னு சொன்னீங்களே, அப்பவா? வாய் வரைக்கும் வந்துச்சுங்க. அன்னைக்கித்தான் நீங்க ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. எனக்கு மனசு வரல. சரி, ஓடி முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு..."

அந்த நேரம் பார்த்து அந்தோணிராஜ் வந்து சேர்ந்தான். ஒரு காலை இழுத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஆனாலும் சிரித்துக்கொண்டு. "என்ன சார் நின்னுட்டீங்க! சௌந்தரம்மாளை இன்னைக்கு யாராலயும் பிடிக்க முடியாதுன்னுல்ல நெனச்சேன். வாங்க சார், எந்தங்கச்சி டிவியில பாத்துக்கிட்டு இருப்பா!" இன்பவல்லி கொடுத்த மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லா இருங்கக்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஜம்புலிங்கம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றான். வாயை மூடிக்கொண்டு மீதி தூரத்தையும் ஓடிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அம்மா பெயர் மருந்தோடு சேர்ந்து நிற்கும். அக்கா மாலையைப் போடுவாள். அடுத்த மாசம் அந்தப் பெண்ணுக்குப் பழைய மருந்தை நிறுத்திவிட்டு, இல்லாத ஒன்றை நம்பிச் செய்த மருந்தைக் கொடுப்பார்கள். அந்தப் பெண்ணுக்குக் கால் போகும். அப்புறம் கை போகும்.

அம்மாவை இன்னொரு தடவை சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் இருந்தது அவனுக்கு. அழுகையாக வந்தது. காதுக் கருவியைத் தொட்டான்.

"மேடம். இது எங்க அம்மா பதிவு இல்ல."

நடந்ததைச் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான், சொல்லவும் தெம்பில்லை. நஸ்ரின் பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தமும் கம்ப்யூட்டர்களின் பீப் பீப் சத்தமும் கேட்டன.

"அப்ப அந்த நரம்பு சாகாம இருந்ததுக்குக் காரணம்..."

"அது நல்ல நரம்பு மேடம். நோயே கிடையாது."

"மூணு வருஷம் சார்." அவள் குரல் ஒடுங்கிவிட்டது. "மூணு வருஷமா இதையே கட்டிக்கிட்டு அழுதேன். வீட்டுக்குப் போகல, பிள்ளையைப் பாக்கல." பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை சொன்னீங்க. அடுத்த மாசம் ஆரம்பிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்... எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிடறேன். நீங்க ஓட வேணாம். உங்க அம்மா பதிவை நாங்க எடுத்துர வேண்டியிருக்கும் சார். மன்னிச்சுக்குங்க."

"எடுத்துருங்க மேடம்."

"ஒரு நிமிஷம். உங்க மனைவியை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு என்ன நோய்னு உடனே பாக்கணும்."

"நோயா?"

"அந்தப் பதிவுல இருக்கிற களைப்பு சாதாரணக் களைப்பு இல்ல சார். எங்ககிட்ட இருக்கிற கடைசிக் கட்ட நோயாளிகள் யாருக்கும் அவ்வளவு இல்ல. நோயில்லாத உடம்புக்கு அப்படி வராது. அந்த வருஷம் அவங்களுக்கு என்ன ஆச்சு?"

ஜம்புலிங்கம் இன்பவல்லியைப் பார்த்தான். அவள் சிந்திய மோரின் மேல் காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள், யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று.

"ஒண்ணும் ஆகல மேடம்" என்றான். "எங்க அம்மாவைப் பாத்துக்கிட்டா. எங்களையும் பாத்துக்கிட்டா. மத்தியானத்துல ஜாக்கெட் தைப்பா. அவ்வளவுதான்."

நஸ்ரின் தொடர்பைத் துண்டித்தாள்.

அவன் புளியமரத்தடிக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். விழுந்தான் என்றே சொல்லலாம். பட்டையை அவிழ்க்கக் கை போனது, பாதியில் நின்றுவிட்டது. அந்தக் களைப்பு இன்னமும் அவனுக்குள் குதிகாலிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது. இத்தனை நேரம் அதை அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே சுமந்திருக்கிறான். இப்போது அதற்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

"கோபமாங்க?" என்றாள் இன்பவல்லி.

"உன் மேலயா? இல்ல." என் மேலதான் என்று சொல்ல நினைத்தான். அது அவளுக்கு இன்னொரு வேலையாகிவிடும், அவனைத் தேற்றுகிற வேலை. அதனால் சொல்லவில்லை. "உக்காரு வல்லி."

"வேணாங்க, பரவால்ல. நீங்க எந்திரிங்க, மெதுவா வீட்டுக்குப் போவோம். அக்காவுக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல. மத்தியானத்துக்கு இன்னும் உலைகூட வைக்கல."

"அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். சாப்பாட்டை வெளிய பாத்துக்கலாம். நீ உக்காரு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதுகூடத் தப்பு. யாராவது கூப்பிட்டால் எழுந்துவிட வசதியாகக் குத்துக்காலிட்டிருந்தாள். யாரோ "தண்ணி இருக்கா?" என்று கேட்டதும் எழப்போனாள். ஜம்புலிங்கம் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். நாலு எட்டுதான். அதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. இப்படி ஒரு வருஷம் முழுக்க ஒருத்தி எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

திரும்பி வந்தபோது அவள் காலை நீட்டியிருந்தாள். முதுகு மரத்தில் சாய்ந்திருந்தது. "பாருங்க, வெயில் ஏறுது" என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். வாக்கியம் முடியவில்லை. தலை ஒரு பக்கமாகச் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, அவ்வளவுதான். ரோட்டில் இத்தனை பேர் ஓட, ஒலிபெருக்கி அலற, பட்டப்பகலில், ஊர் பார்க்க, இன்பவல்லி தூங்கிப்போனாள்.

அவன் நகர்ந்து உட்கார்ந்து அவள் தலைக்குத் தோளைக் கொடுத்தான். அக்காவிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. கடைசி ஆட்களும் போய்விட்டார்கள். பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன சார், இங்கேயே உக்காந்துட்டீங்க? அந்த அம்மாவுக்கு என்ன? மயக்கமா? ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"

"மயக்கம் இல்லீங்க. தூங்குறா."

போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேர்வையில் நனைந்த பனியன், இடுப்பில் பட்டை, புழுதி படிந்த ஷூ. பக்கத்தில் புடவை கட்டிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒருத்தி.

"ஓடுனது நீங்க" என்று சிரித்தார். "இவங்களுக்கு என்ன சார் களைப்பு?"

ஜம்புலிங்கம் அவள் தலை நழுவாமல் தோளைச் சரிசெய்துகொண்டான்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்" என்றான்.